வற்றும் குளத்துக்கு வாய்த்த உடல்கள்

மீன் தண்ணீரில் வாழ ஏற்றபடி அமைந்தது என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். இரு முனையும் கூம்பிய உடல், வழவழப்பான செதில், துடுப்பு, வால், செவுள் என்று பாடம் அடுக்கும் பட்டியலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்து முடிக்கும்போது, தண்ணீர் என்று ஒன்று இருந்தால் போதும், மீனுக்கு வேறு குறை இருக்காது என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. அந்த எண்ணம் பிழையானது. தமிழகத்திலும் இலங்கையிலும் மழையை நம்பி நிறையும் ஏரி, குளங்களின் மீன்களைக் கவனித்தால் இது விளங்கும். விரால், குறவை, பனையேறிக்கெண்டை, தேளி, அயிரை ஆகியவற்றின் உடலமைப்பில் வியக்கத்தக்க பகுதிகள் எல்லாம், தண்ணீர் கெடும்போதும் குறையும்போதும் இல்லாமலே போகும்போதும் பயன்படுபவை. நிறைந்து, சூடேறி, மூச்சுமுட்டி, வற்றி, மறுபடி நிறையும் ஒரு சுழற்சிதான் அவற்றின் வாழிடம். இதை விளங்கிக்கொள்வது உயிரியல் ஆர்வத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ஏரிகளை நாம் இன்று என்ன செய்கிறோம் என்பதோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

முதலில் நன்னீரில் இருப்பதன் அடிப்படைச் சிக்கலைப் பார்ப்போம். நன்னீர் மீனின் குருதியில் உள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சுற்றியுள்ள நீரில் அதைவிடப் பல மடங்கு குறைவு. உப்பின் செறிவு இப்படி வேறுபடும்போது மெல்லிய தோலின் வழியே தண்ணீர் உள்ளே ஊறும், உப்பு வெளியே கசியும். இரவும் பகலும் இது நின்றபாடில்லை. ஓட்டைப் படகில் உட்கார்ந்து நீரை இறைத்துக்கொண்டே இருப்பவரைப் போல மீனின் சிறுநீரகம் ஓயாமல் நீர்த்த சிறுநீரை வெளியேற்றுகிறது. தங்கமீன் ஒரு நாளில் கழிக்கும் சிறுநீர் அதன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இருக்கும். இழந்த உப்பை மீட்கும் வேலையைச் செவுள் செய்கிறது. மிக நீர்த்த கரைசலிலிருந்தும் நன்னீர் மீன்கள் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று டென்மார்க்கின் உடலியலாளர் ஆகஸ்ட் கிராக் 1930-களில் சோதனைகளால் காட்டினார். இந்த வேலைக்கு ஆற்றல் செலவாகிறது. ஆக்சிஜன் எளிதில் நுழைய வேண்டுமானால் செவுளின் தோல் மெல்லியதாகவும் பரப்பு மிகுந்ததாகவும் இருக்க வேண்டும். அதே மெல்லிய, பரந்த தோல்தான் உப்பு கசியவும் தண்ணீர் புகவும் வழிவிடுகிறது. மூச்சுக்கு உதவுவது உப்புக் கணக்கில் நட்டமாகிறது. நன்னீர் மீனின் தகவமைப்பு எல்லாவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு பேரம் கிடக்கிறது.

குளத்து நீரில் அந்தப் பேரம் இன்னும் கடுமை. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உள்ளது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் காற்றோடு முழுமையாகக் கலந்து நின்றாலும் அதில் உள்ள ஆக்சிஜன் 6 மில்லிலிட்டரைத் தாண்டாது. நீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு என்பதால் அதைச் செவுளின் வழியே தள்ளுவதே ஒரு பாடு. நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. மீனின் தேவையோ, 10 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. வரவு குறையும் வேளையில் செலவு கூடுவதுதான் கோடையின் இயல்பு. ஒவ்வொரு நாளுக்குள்ளும் ஒரு சிறு நெருக்கடி உண்டு. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனைத் தருகின்றன. இரவில் அவையும், அடிச்சேற்றில் மட்கும் பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளும், மீன்களும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்ததும் மீன் வளர்ப்போர் பதறிக் காற்றூட்டும் கருவியைப் போடுவது இதனால்தான்.

செவுளைப் பெரிதாக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு நேரடியான சான்று ஐரோப்பாவின் குளிர்ந்த குட்டைகளில் வாழும் குரூசியன் கெண்டையில் கிடைத்தது. ஆக்சிஜன் நிறைந்த நீரில் இந்த மீனின் செவுள் தகடுகளுக்கு இடையே உயிரணுக்கள் நிரம்பி, செவுள் மழுங்கிய குச்சியாகத் தோன்றும். ஆக்சிஜன் குறைந்த நீரில் சில நாள் வைத்தால் இடையில் உள்ள அணுக்கள் மடிந்து உதிர்கின்றன, தகடுகள் துருத்திக்கொண்டு வெளிவருகின்றன. செவுளின் பரப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு கூடுகிறது. நல்ல நீருக்குத் திரும்பினால் இடைவெளி மறுபடி நிரம்பிவிடுகிறது. நார்வே ஆய்வாளர்கள் 2003-இல் இதை வெளியிட்டார்கள். பெரிய செவுளில் நன்மை மட்டுமே இருந்தால் அந்த மீன் அதை மூடி வைக்க வேண்டிய தேவை என்ன? தேவைப்படாத நாளில் விரித்து வைத்தால் உப்பு வீணாகும் என்பதே பொருத்தமான விளக்கம். செவுளின் அளவுக்கு மேலிருந்தும் ஒரு வரம்பு இருக்கிறது.

செவுளைப் பெரிதாக்கித் தப்பிக்க முடியாத நம் குளத்து மீன்களில் பல, தலைக்கு மேலே தாராளமாகக் கிடக்கும் காற்றை நாடின. பனையேறிக்கெண்டையின் தலையில் செவுளுக்கு மேலே இரு பக்கமும் ஓர் அறை உண்டு. அதற்குள் பூவிதழ்போல் மடிந்து மடிந்து வளர்ந்த எலும்புத் தகடுகளின்மேல் நுண்ணிய குருதிக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. விராலிலும் குறவையிலும் அதே இடத்தில் அறை உண்டு, மடிப்புகள் எளிமையானவை. கிளாரியஸ் இனத்துக் கெளுத்தியில் செவுள் வளைவிலிருந்து சிறு மரங்கள் கிளைத்து நிற்கின்றன. தேளியில் செவுள் அறையிலிருந்து இரு நீண்ட குழாய்கள் முதுகுத் தசைக்குள் புகுந்து வாலை நோக்கி ஓடுகின்றன. அயிரையின் குடும்பத்தில் குடலே மூச்சுறுப்பு. விழுங்கிய காற்று குடலின் பின்பகுதி வழியே போகும்போது ஆக்சிஜன் உறிஞ்சப்படுகிறது. ஆப்பிரிக்காவின் நுரையீரல்மீனுக்கு நுரையீரல், தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளில் பெருகிவிட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்திக்கு இரைப்பை. விராலும் பனையேறியும் உறவினர்கள், ஆகவே அவற்றின் ஒற்றுமையை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் அவற்றோடு நெருங்கிய உறவில்லாத கெளுத்தியும் அயிரையும் வேறு வேறு உறுப்பைத் திருத்தி அதே முடிவுக்கு வந்திருக்கின்றன. பல கிளைகள் பல காலத்தில் தனித்தனியே ஒரே விடையைக் கண்டிருந்தால், அவை எதிர்கொண்ட கேள்வியும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான, தேங்கிய, ஆக்சிஜன் குறைந்த நன்னீரே அந்தக் கேள்வி.

காற்றை மூச்சாகக் கொள்வதற்கும் விலை உண்டு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். விராலிலும் பனையேறியிலும் காற்றறையில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட குருதி நேரே உடலுக்குப் போவதில்லை. சிரை வழியாக இதயத்துக்குத் திரும்பி, அங்கே பழைய குருதியோடு கலந்து, மறுபடி செவுள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் அற்றுப்போயிருக்கும் வேளையில், பெரிய செவுள் இருந்தால் பாடுபட்டு மேலே போய் வாங்கிவந்த ஆக்சிஜன் அந்தச் செவுளின் வழியே நீருக்குள் கசிந்துவிடும். ஆகவே காற்றை நம்பும் மீன்களில் செவுள் சுருங்கியிருக்கிறது. உப்பைக் காப்பதற்கும் அந்தச் சுருக்கம் உதவுகிறது. ஆனால் சுருங்கிய செவுளால் மட்டும் உடலைத் தாங்க முடியாது. வளர்ந்த விராலை மேலே வர விடாமல் வலையால் தடுத்தால், நல்ல நீரிலும் மூச்சுமுட்டிச் சாகும். நீரில் பிறந்த மீன் நீரில் மூழ்கிச் சாவது முரணாகத் தோன்றினாலும், அந்தப் பேரத்தின் நேரான விளைவு அது. அதோடு செவுள் முற்றிலும் ஓய்ந்துவிடவும் இல்லை. பனையேறி சாதாரண நீரில் தன் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதியைக் காற்றிலிருந்து பெறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். கரியமில வாயுவில் பெரும்பங்கையோ செவுளும் தோலும் நீரில்தான் விடுகின்றன, அந்த வாயு நீரில் ஆக்சிஜனைவிட மிக எளிதாகக் கரையும் என்பதால். ஒன்றைக் காற்றிலிருந்து வாங்கி மற்றொன்றை நீரில் விடும் இந்த இரட்டை வாழ்க்கையைப் பின்னர் ஒரு காரணத்துக்காக நினைவுகூர வேண்டியிருக்கும்.

காற்றை மூச்சாக்கிய மீனுக்குக் குளம் வற்றும்போது மேலும் சில வாசல்கள் திறக்கின்றன. பனையேறி தன் முள் விளிம்புள்ள செவுள் மூடிகளை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரமான நிலத்தில் ஊர்ந்து வேறு குட்டையைத் தேடும். 1791-இல் டேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற படை அலுவலர், குளத்தோரப் பனையின் அடிமரப் பிளவில் நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-இல் அச்சிட்டது. மீன் மரமேறியதா என்பதில் பின்னாளில் ஐயம் எழுந்தது. காகமோ பருந்தோ கவ்விச் சென்று நழுவவிட்ட மீன்களே மரத்தில் காணப்பட்டன என்று 1927-இல் பி. கே. தாஸ் கருதினார், அது ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆனால் தரையில் நடப்பதில் ஐயமே இல்லை. விராலும் தேளியும் நடப்பதைவிடப் புதைவதை நம்புகின்றன. வற்றிய குளத்தின் சேற்றுக்குள் இறங்கி, ஈரம் இருக்கும்வரை காற்றை மூச்சாகக் கொண்டு அசையாமல் கிடக்கும். இலங்கைக் குளங்களில் காய்ந்த சேற்றைத் தோண்டி உயிருள்ள மீன் எடுப்பதை ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் 1861-இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சேற்றுக்குள் மூச்சு மட்டும் போதாது, கழிவையும் சமாளிக்க வேண்டும். மீன்கள் வழக்கமாகத் தங்கள் நைட்ரஜன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் கரைத்துவிடும். கரைக்க நீர் இல்லாதபோது அது உடலில் தங்கினால் நஞ்சு. தேளி அதை நஞ்சு குறைந்த யூரியாவாக மாற்றிக்கொள்கிறது. நிலத்தில் வாழும் தவளையும் நாமும் செய்யும் அதே வேலை இது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். குளத்தில் விராலும் தேளியும் மட்டுமா இருக்கின்றன? காற்றை மூச்சாகக் கொள்ளாத கெண்டைகளும் அதே நீரில்தான் வாழ்கின்றன. அப்படியானால் வற்றும் குளமே உடலை வடித்தது என்று எப்படிச் சொல்வது? சொல்லலாம். அவை வேறொரு வழியைப் பற்றிக்கொண்டன. ஆக்சிஜன் குறைந்தால் சிறு கெண்டைகள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தைச் செவுளுக்குள் இழுக்கும். அந்த ஓர் அடுக்கில் எப்போதும் சற்று ஆக்சிஜன் இருக்கும். நாரைக்கும் மீன்கொத்திக்கும் கண்ணில் படுவது அதற்கான விலை. குளம் வற்றினால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஆனால் இனம் சாவதில்லை, ஏனென்றால் அதன் வாழ்க்கை ஒரு குளத்தோடு முடிவதில்லை. புதுவெள்ளம் வரும்போது கலிங்கு வழிந்து, வாய்க்கால்கள் ஓடி, ஒரு கண்மாய் அடுத்த கண்மாயோடும் ஆற்றோடும் சேரும் நாள்களில் கெண்டைகள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகின்றன. பெருமீன்களான கட்லாவும் ரோகுவும் இதன் உச்சம். லட்சக்கணக்கில் முட்டையிடும் இவை, பெருகி ஓடும் ஆற்றில் அல்லாமல் தேங்கிய குளத்தில் முட்டையிடா. உணவும் நீரும் இருந்தும் வெள்ளத்தின் அறிகுறி இல்லை என்றால் உடல் அந்த வேலையைத் தொடங்குவதே இல்லை. அதனால்தான் ஒருகாலத்தில் வளர்ப்போர் ஆற்றிலிருந்து குஞ்சு வாரிவர வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி இந்தியக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். வெள்ளம் உடலுக்குள் அனுப்பும் செய்தியை ஊசி அனுப்பியது. இன்று நாம் உண்ணும் குளத்து மீனில் பெரும்பகுதி அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தது. ஆக, குளத்து மீன்கள் இரு வகையாகப் பிரிந்தன: வறட்சியில் தங்கி உயிர்பிழைப்பவை, வெள்ளத்தில் திரும்பி வருபவை. இரண்டுமே ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பட்டவை.

இன்னொரு மறுப்பு பொதுவானது. எந்த உறுப்பைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பயனைக் கற்பித்துத் தகவமைப்பு என்று பெயர் சூட்டிவிடலாமே என்பது அது. நியாயமான எச்சரிக்கை, அறிவியலில் இப்படிக் கதை கட்டியவர்கள் உண்டு. இதற்குச் சோதனை எளிது: வாழிடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் நீர் குளிர்ந்து, பாறையில் மோதி நுரைத்து, ஆக்சிஜன் நிறைந்து ஓடுகிறது. அங்கே காற்றறை தேவையில்லை, அடித்துச் செல்லப்படாமல் இருப்பதே பாடு. எதிர்பார்த்தபடியே அங்கே வேறு உடல்களைக் காண்கிறோம். காரா இனத்துக்கு வாய்க்குப் பின்னே ஒட்டும் வட்டு, கிளிப்டோதோராக்ஸ் என்னும் கெளுத்தியின் மார்பில் வரிவரியான மடிப்பு, ஓடை அயிரைகளில் உடலின் அடியோடு தட்டையாக விரிந்த துடுப்புகள். அடியில் ஒட்டி வாழும் இந்த மீன்கள் பலவற்றில், மிதக்க உதவும் காற்றுப்பை சிறுத்துவிட்டது. உறவில்லாத குடும்பங்கள் ஓடும் நீரில் ஒரேமாதிரி ஆவதை இந்திய விலங்கியல் மதிப்பாய்வுத் துறையின் சுந்தர்லால் ஹோரா 1930-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். தேங்கிய நீரில் ஒன்று, ஓடும் நீரில் வேறொன்று என்று வாழிடத்தோடு சேர்ந்து விடையும் மாறுவதுதான், நாம் கதை கட்டவில்லை என்பதற்கு ஆதாரம்.

அதிகம் கேட்கும், அதிகத் தீங்கு செய்யும் மறுப்பு இனிமேல்தான் வருகிறது. இவ்வளவு தாங்கும் மீன் எதையும் தாங்கிக்கொள்ளும், ஏரியில் சாக்கடை கலந்தும் விரால் இருக்கிறதே, பிறகு என்ன என்பார்கள். சாக்கடை நீரில் ஆக்சிஜன் குறைகிறது, அதை மட்டும் காற்றறை ஈடுகட்டுகிறது. ஆகவே அந்த நீரில் காற்றை மூச்சாகக் கொள்ளும் மீன் உயிரோடு இருப்பது நீர் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. மற்ற மீன்கள் போய்விட்டன என்பதற்கே அது பெரும்பாலும் சான்று. செவுளை இவை கைவிடவில்லை என்று மேலே பார்த்தோம். கரியமில வாயு, அம்மோனியா, உப்பு மூன்றும் இன்னும் செவுளின் பொறுப்பு. செம்பு போன்ற உலோகங்கள் தாக்குவது அந்தச் செவுளைத்தான், சோடியத்தை உள்ளிழுக்கும் வேலையையே அவை முடக்கும். வயலிலிருந்து வடியும் பூச்சிக்கொல்லி நரம்பைத் தாக்கும்போது காற்றறை என்ன செய்ய முடியும்? 1980-களின் பிற்பகுதியில் பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வந்த புண்நோய் இலங்கையையும் இந்தியாவையும் அடுத்தடுத்து எட்டியபோது கடுமையாக அடிவாங்கிய மீன்களில் விரால் முன்வரிசையில் இருந்தது. ஒரு பகையை வெல்லப் பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்ட உடல், நேற்று வந்த பகைக்கு எந்த ஆயத்தமும் இல்லாமல் நிற்கிறது. அதே வேளையில் வெளியூர் மீன்களுக்கு நம் கெட்ட நீர் வாய்ப்பாகிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, நாம் ஜிலேபிக்கெண்டை என்று அழைப்பது, குஞ்சை வாயில் வைத்துக் காத்து, நிலைத்து நிற்கும் நீரில் ஆண்டு முழுதும் பெருகுகிறது. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் காற்றை மூச்சாகக் கொண்டு எதையும் தின்று வளர்கிறது.

இதனால்தான் ஏரிச் சீரமைப்பைப் பற்றிக் கவலைப்படுகிறேன். தூர்வாருவது என்றால் பொக்லைன் இறக்கி அடிமட்டத்தை ஒரே ஆழத்துக்குச் சீவி, சுற்றிலும் செங்குத்தாகக் கரை எழுப்பி, புல்பூண்டு எல்லாவற்றையும் அகற்றி, தண்ணீர் வற்றாத தொட்டியாக்குவது என்று பல இடங்களில் ஆகிவிட்டது. பாசனத்துக்கும் நிலத்தடி நீருக்கும் கொள்ளளவு தேவை, மண் மேடிட்டுப்போன ஏரியை அப்படியே விட முடியாது என்பது சரியான வாதம். அதை மறுக்கவில்லை. ஆனால் கொள்ளளவைக் கூட்டுவதற்கும் ஏரியைத் தொட்டியாக்குவதற்கும் வேறுபாடு உண்டு. விரால் முட்டையிடுவது ஆழத்தில் அன்று, கரையோரப் புல்லும் கோரையும் நிற்கும் ஆழமற்ற நீரில். எண்ணெய்த்துளி கொண்ட முட்டைகள், ஆக்சிஜன் இருக்கும் மேல்மட்டத்தில் மிதந்து பொரிகின்றன. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைப் பெற்ற மீன்கள் அந்தப் புல்லுக்குள்ளேயே காத்து வளர்க்கின்றன. செங்குத்துக் கரையில் அதற்கு இடமில்லை. அடைபட்ட வரத்து வாய்க்காலில் கெண்டை எதிரேற வழியில்லை. வற்றாத தொட்டியில் ஜிலேபிக்கெண்டையை அடக்கி வைக்கும் கோடையும் இல்லை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி நடத்தும் மீன்பிடித் திருவிழா, வற்றுவதைக் குளத்தின் இயல்பாக ஏற்றுக்கொண்ட சமூகத்தின் வழக்கம். எல்லோரும் இறங்கி அள்ளிய பின்னும் சேற்றுக்குள் சில விராலும் தேளியும் கிடக்கும், மேல் கண்மாயிலிருந்து கெண்டை வரும், அடுத்த ஆண்டு மறுபடி மீன் இருக்கும். தூர்வாரும்போது தண்ணீரைத் தேக்கும் கரையை ஒட்டி ஆழப்படுத்தி, நீர்ப்பிடிப்புப் பக்கம் இயல்பாகவே சரிந்து கிடக்கும் ஆழமற்ற பகுதியை விட்டுவைக்கலாம். அங்குள்ள கோரையையும் புல்லையும் தொடாமல் ஆகாயத்தாமரையை மட்டும் அகற்றலாம். அடிச்சேற்றை ஒரேயடியாகச் சுரண்டாமல் ஒரு பள்ளத்தில் விடலாம். வரத்து வாய்க்காலையும் கலிங்கையும் மீன் ஏறும்படி திறந்து வைக்கலாம். இதற்குக் கூடுதல் பணம் வேண்டியதில்லை, வேலை தொடங்கும் முன் வரைபடத்தில் எதை விடுவது என்று குறித்துக்கொண்டால் போதும்.